நாவலுக்குள் நாலு பேருக்கு இடம்

பொன்னியின் செல்வன் ஐந்து பாகத்தையும் படித்து முடித்தவர்களுக்கு ஓர் ஆசை மிச்சம் இருக்கும். கதை முடிந்துவிட்டது, ஆனால் அந்த நாட்டை விட்டு வெளியே வர மனசில்லை. வேலூர்ப் பக்கத்து வாசகர்களுக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே இருக்க வேண்டும். வந்தியத்தேவனின் வாணர் குலம் ஆண்ட திருவல்லம், காட்பாடிக்கும் ராணிப்பேட்டைக்கும் நடுவில் பொன்னையாற்றங்கரையில் இருக்கிறது. சோழ இளவரசன் ராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே உயிர்விட்ட தக்கோலம் அரக்கோணத்துக்குப் பக்கம். அரிஞ்சய சோழனின் பள்ளிப்படையாக ராஜராஜன் எடுத்த கோயில் மேல்பாடியில். குந்தவையின் பெயர் தாங்கிய சமணக் கோயில் போளூர் அருகே திருமலையில். நாவலின் வெளிச்சத்தைத் தஞ்சாவூரும் பழையாறையும் வாங்கிக்கொண்டன. பழைய வட ஆற்காடு ஜில்லா கொஞ்சம் இருட்டில் நிற்கிறது, அவ்வளவுதான்.

வெளிநாடுகளில் இதே ஆசையைத் தீர்த்துக்கொள்ள ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பிடித்த ஃபேன்டசி நாவல் தொடரை எடுத்து, அதை மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ஆர்பிஜி ஆட்டமாக மாற்றுகிறார்கள். ரோல்-ப்ளேயிங் கேம் என்பதன் சுருக்கம்தான் ஆர்பிஜி. கம்ப்யூட்டரில் ஆடும் ஆர்பிஜிக்களுக்கு முன்னோடி இதுதான். இது நாற்பது வருஷத்துக்கு மேல் நடந்துவரும் வேலை. அதில் சில ஆட்டங்கள் நாவலைப் போலவே நிலைத்தன, பல தடம் தெரியாமல் போயின. எது நின்றது, எது போனது என்று பார்த்தால், இரண்டு முடிவுகளில்தான் விஷயம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது: கதையின் எந்த வருஷத்தில் ஆட்டக்காரர்களை உட்காரவைக்கிறோம், கதையில் இருக்கும் எந்த உணர்ச்சிக்கு எண் கொடுக்கிறோம்.

முதலில் ஆட்டம் எப்படி நடக்கும் என்று சொல்லிவிடலாம். நாலைந்து பேர் போதும். ஒருவர் நடத்துபவர், கேம் மாஸ்டர் என்பார்கள். மற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம். பாத்திரத்தின் திறமை, உடல்வலு, கையில் உள்ள சாமான் எல்லாம் ஒரு தாளில் எண்களாக இருக்கும். பலகையோ காயோ கட்டாயமில்லை. பேச்சுதான் ஆட்டம்.

"ராத்திரி. பாலாறு ரெண்டு கரையும் தொட்டுப் போகுது. ஓடக்காரன் இல்ல. பின்னாடி குதிரைச் சத்தம் கேக்குது" என்பார் நடத்துபவர்.

"பாலாத்துல தண்ணியா? இன்னா கதைடா இது?"

"பத்தாம் நூற்றாண்டுடா. நீ இன்னா பண்ற, அதைச் சொல்லு."

"ஓலையைத் தலைப்பாகைல சுத்திக்கிட்டு நீந்துறேன்."

முடியுமா முடியாதா என்று சந்தேகம் வரும் இடத்தில்தான் டைஸ் உருளும். வெற்றி என்றால் அக்கரை. தோல்வி என்றால் ஓலை நனையலாம், ஆளே அடித்துச் செல்லப்படலாம். என்ன விழுகிறதோ அதற்கு ஏற்ப நடத்துபவர் கதையை மேலே சொல்வார். அடுத்து யார் என்ன செய்கிறார்கள் என்று கேட்பார். மூன்று மணி நேரம் இப்படிப் போகும். அடுத்த வாரம் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இனி நாவல். ஒரு நாவலை ஆட்டமாக்குவதில் முதல் சிக்கல், எல்லோருக்கும் முடிவு தெரியும் என்பது. வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இது புதிய சிக்கல் இல்லை. செய்யாறு, ஆரணி பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து என்று நாள்கணக்கில் நடக்கும். கர்ணன் சாவான் என்று தெரியாத ஒருவர் அந்தக் கூட்டத்தில் கிடையாது. ஆனாலும் கர்ண மோட்சத்துக்குத்தான் ஜனம் விடிய விடிய உட்கார்ந்திருக்கும். புரிசை மாதிரி ஊர்களில் பரம்பரை பரம்பரையாக ஆடிவரும் கூத்து அது. நடுவில் கட்டியங்காரன் வந்து அன்றைய ஊர் விவகாரத்தை இழுத்துவிடுவான். பாத்திரத்தைக் கேள்வி கேட்பான், கூட்டத்தைச் சிரிக்கவைப்பான். கதையின் திசை மட்டும் மாறாது. பதினெட்டாம் போர் முடிந்து, காலையில் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் விழுந்தே ஆக வேண்டும்.

மேசை ஆட்டத்தில் இந்த உறுதி கிடையாது. கர்ணனாக ஆடுபவர் "நான் கவச குண்டலத்தைக் கொடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டால் நடத்துபவர் என்ன செய்வார்? "இல்லை, கொடுத்துத்தான் ஆகணும்" என்றால் அது ஆட்டமில்லை, ஒப்பித்தல். சரி என்று விட்டுவிட்டால் பாரதமே வேறு. நாவலின் நாயகனை அப்படியே ஆட்டக்காரர் கையில் கொடுக்கும் எந்த முயற்சியும் இந்த இரண்டில் ஒரு பள்ளத்தில் விழும். இதைத் தாண்டிய விதங்களைத்தான் இந்தத் துறையின் வரலாறு என்று சொல்ல வேண்டும்.

ஆரம்பத்தில் யாரும் நாவலைத் தழுவுவதாக நினைக்கவில்லை. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளியிட்டபோது, தாங்கள் படித்த கதைகள் எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டார்கள். ஜாக் வான்ஸ் எழுதிய கதைகளில் மந்திரவாதிக்கு ஒரு சமயத்தில் சில மந்திரங்கள்தான் மனதில் நிற்கும். சொன்னதும் அது மறந்துபோகும், மறுபடி படித்து ஏற்றிக்கொள்ள வேண்டும். அந்த விசித்திரமான யோசனை அப்படியே ஆட்ட விதியானது. அதற்குப் பிறகு வந்த வீடியோ கேம்கள் வரை அதன் வாடை இருக்கிறது. ஒழுங்கு, குழப்பம் என்று உலகைப் பிரிக்கும் கணக்கு பால் ஆண்டர்சன், மைக்கேல் மூர்காக் போன்றவர்களிடமிருந்து வந்தது. 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீனின் தாக்கம் குறைவுதான் என்று கைகாக்ஸ் சொல்லிவந்தார். ஆனால் முதல் பதிப்பில் அவர் கதைகளில் வரும் ஹாபிட் என்ற குள்ள மனிதர்கள் இருந்தார்கள், என்ட் என்ற நடக்கும் மரம் இருந்தது, பால்ராக் என்ற நெருப்பு அரக்கன் இருந்தது. டோல்கீன் உரிமையை வைத்திருந்தவர்கள் எச்சரித்ததும் ஹாபிட் 'ஹாஃப்லிங்' ஆனது, என்ட் 'ட்ரீயன்ட்' ஆனது, பால்ராக் பின்னால் 'பேலர்' ஆனது. 1979-ல் வந்த வழிகாட்டி நூலின் பின்னிணைப்பில் கைகாக்ஸ் தனக்குப் பிடித்த நூல்களின் பட்டியலையே கொடுத்துவிட்டார்.

இடையில் ஒரு வேடிக்கை. 1980-ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்ட கம்பெனி உலகத் தெய்வங்களை எல்லாம் தொகுத்து ஒரு நூல் போட்டது. நம்மூர் இந்திரன், அக்னி, எமன் உள்பட எல்லோருக்கும் உயிர்ப்புள்ளி கணக்கு. அதாவது எத்தனை அடி வாங்கினால் எமன் சாவான் என்று எண்ணால் சொல்லலாம். மார்க்கண்டேயனுக்கு இது தெரிந்திருந்தால் வேலை சுலபம்! அதே நூலின் முதல் அச்சில் மூர்காக்கின் நாவல் உலகமும் லவ்கிராஃப்டின் பயங்கரக் கதைகளின் உலகமும் இருந்தன. அவற்றின் ஆட்ட உரிமை கேயாசியம் என்ற இன்னொரு கம்பெனியிடம் இருந்ததால் பின்னால் வந்த அச்சுகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். 1981-ல் கேயாசியம் அந்த இரண்டையும் தனி ஆட்டங்களாகவே வெளியிட்டது. லவ்கிராஃப்ட் கதைகளை வைத்து வந்த 'கால் ஆஃப் கதூலு' ஆட்டத்தில்தான் பெரிய திருப்பம். அதில் பாத்திரத்துக்கு உடல்வலுவோடு சித்த சுவாதீனத்துக்கும் ஓர் எண் உண்டு. பார்க்கக்கூடாததைப் பார்த்தால் அது குறையும், பூஜ்யத்துக்குப் போனால் ஆள் அவ்வளவுதான். அந்தக் கதைகளைப் படித்தவர்களுக்கு எது பயமோ, அதை நேராகத் தாளில் எழுதிவிட்டார்கள். நாவலின் உணர்ச்சிக்கு எண் கொடுப்பது என்று மேலே சொன்னது இதைத்தான்.

ஒரே நாவலை வைத்து இரண்டு விதமாக ஆட்டம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு டோல்கீனை விட நல்ல உதாரணம் கிடையாது. அயர்ன் கிரவுன் என்ற கம்பெனி 1982-ல் உரிமை வாங்கி, 1984-ல் 'மிடில்-எர்த் ரோல் ப்ளேயிங்' வெளியிட்டது. பத்து முகமுள்ள இரண்டு டைஸ் போட்டு நூறுக்குக் கணக்கு. கத்தி பட்டால் அதற்கு ஒரு அட்டவணை. அதில் விழும் எண்ணைப் பொறுத்து எலும்பு முறியும், ரத்தம் கொட்டும், தலை போகும். ஆட்டக்காரர்கள் அந்த அட்டவணைகளைச் சிரிப்பும் பயமுமாக வாசித்தார்கள். ஆனால் நாவலில் சண்டையை விட நடைதான் அதிகம். குளிர், பசி, பாரம், மனச்சோர்வு. மந்திரவாதிகள் மொத்தம் ஐந்தே பேர். ஆட்டத்திலோ யார் வேண்டுமானாலும் மந்திரவாதி ஆகலாம். விதிகள் வேறொரு பொது ஆட்டத்திலிருந்து சுருக்கி எடுத்தவை. டோல்கீனின் வரைபடத்தின் மேல் அவற்றை விரித்துவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒன்றில் மட்டும் அந்தக் கம்பெனி கெட்டிக்காரத்தனமாக இருந்தது. அவர்களுடைய துணை நூல்களில் பெரும்பாலானவை நாவலின் காலக்கணக்கில் மூன்றாம் யுகம் 1640 வாக்கில் நடக்கும். நாவலின் நாயகன் ஃப்ரோடோ மோதிரத்தோடு கிளம்புவதற்கு ஏறக்குறைய 1,400 வருஷம் முன்பு. ஒரு பெரிய கொள்ளைநோய் வந்து போன சமயம்; நாடுகள் காலி, கோட்டைகள் காவல் இல்லாமல் கிடக்கின்றன. நாவலில் அந்தக் காலத்தைப் பற்றி இணைப்பில் சில வரிகள்தான். அங்கே யார் என்ன செய்தாலும் கதை கெடாது. வரைபடம் அதே வரைபடம், ஊர்ப்பெயர்கள் அதே பெயர்கள், நாயகர்கள் மட்டும் இன்னும் பிறக்கவில்லை.

2011-ல் வந்த 'தி ஒன் ரிங்' இன்னொரு வழியில் போனது. ஃப்ரான்செஸ்கோ நெபிடெல்லோ வடிவமைத்த ஆட்டம். இதில் டோல்கீனின் சின்னக் கதையான 'ஹாபிட்'டுக்கும் பெரிய போர்க் கதையான 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்'க்கும் நடுவில் உள்ள இடைவெளியில் உட்காரவைக்கிறார்கள். முதல் பதிப்பு, 'ஹாபிட்' கதையின் கடைசியில் வரும் ஐந்து படைகளின் போர் முடிந்து ஐந்து வருஷம் கழித்து, அதாவது 2946-ல் தொடங்கும். விதிகளில் இரண்டு எண்கள்தான் உயிர்நாடி: ஒன்று நம்பிக்கை, மற்றொன்று நிழல். அக்கிரமத்தைப் பார்த்தால், செய்தால், பேராசைப்பட்டால் நிழல் ஏறும். முயற்சிக்கு உதவி வேண்டுமென்றால் நம்பிக்கையைச் செலவழிக்கலாம், ஆனால் அது சுலபத்தில் திரும்பி வராது. நிழல் நம்பிக்கையைத் தொட்டுவிட்டால் ஆள் துவண்டுபோவான். பயணத்துக்குத் தனி விதிகள் உண்டு. வழிகாட்டி ஒருவர், முன்னால் போய் வேவு பார்ப்பவர் ஒருவர், வேட்டைக்காரர் ஒருவர், காவல் ஒருவர் என்று வேலையைப் பிரித்துக்கொண்டு நடக்க வேண்டும். யாருடைய டைஸ் சறுக்குகிறதோ அதற்கேற்ப களைப்பு எல்லோர் தலையிலும் ஏறும்.

டைஸையே மாற்றினார்கள். பன்னிரண்டு முகமுள்ள ஒன்றில் ஒரு பக்கம் நல்ல மந்திரவாதி கேண்டால்ஃபின் குறி, இன்னொரு பக்கம் கதையின் வில்லன் சௌரானின் கண். அதோடு திறமைக்கு ஏற்ற எண்ணிக்கையில் சாதாரண ஆறுமுக டைஸ். இது வெறும் அலங்காரம் இல்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் உருளும் இருபதுமுக டைஸில் ஒவ்வொரு எண்ணும் விழ 5 சதவீத வாய்ப்பு; 1 விழுவதும் 20 விழுவதும் 11 விழுவதும் ஒன்றுதான். அதனால் அதிர்ஷ்டத்தின் கை அதில் ஓங்கியிருக்கும், புதுசாக வாள் பிடித்தவனும் திடீரென்று வெட்டிச் சாய்ப்பான். பல டைஸைக் கூட்டும்போது நடு எண்கள்தான் அதிகம் விழும். திறமைசாலி பெரும்பாலும் சொதப்பமாட்டான். எந்தக் கதைக்கு எந்த டைஸ் என்பது ருசி சம்பந்தப்பட்ட முடிவு; ஆனால் பல ஆட்டங்கள் இதை யோசிக்காமலே இருபதுமுகத்தை எடுத்துக்கொண்டன. 2001-ல் 'வீல் ஆஃப் டைம்' நாவல் தொடருக்கு வந்த ஆட்டம் அப்படித்தான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அப்போதைய விதிகளைக் கொஞ்சம் தட்டி நிமிர்த்திப் போட்டார்கள். ஒரு விதி நூல், ஒரு சாகச நூல், அதோடு சரி.

டைஸே வேண்டாம் என்று சொன்ன ஆட்டமும் உண்டு. எனக்கு இந்தப் பட்டியலில் மிகவும் பிடித்தது அதுதான். ரோஜர் ஜெலாஸ்னியின் 'ஆம்பர்' தொடர் பத்து நாவல்கள். ஓர் அரச குடும்பம், அப்பா காணாமல் போய்விட்டார், பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கவிழ்க்கப் பார்க்கிறார்கள். அவர்களில் யார் வாளில் முதல், யார் மனவலிமையில் முதல் என்று எல்லோருக்கும் தெரியும். நேருக்கு நேர் நின்றால் முடிவில் சந்தேகமே இல்லை. அதனால் யாரும் நேருக்கு நேர் நிற்பதில்லை, சதிதான். எரிக் வூசிக் 1991-ல் இதை ஆட்டமாக்கியபோது டைஸைத் தூக்கி எறிந்துவிட்டு ஏலம் வைத்தார். ஆளுக்கு 100 புள்ளி. மனவலிமை, உடல்வலிமை, தாக்குப்பிடித்தல், போர்த்திறன் என்று நான்கும் ஒவ்வொன்றாக ஏலத்துக்கு வரும். சீட்டு ஏலம் எடுத்துப் பழகியவர்களுக்கு அந்த அறையின் சூடு சட்டென்று புரியும். அதிகம் கேட்டவர் அதில் முதல். ஆட்டம் முடியும் வரை மற்ற ஆட்டக்காரர்கள் அதில் அவரை நேராக வெல்ல முடியாது. ஏலம் முடியும்போதே மேசையில் பொறாமையும் கணக்கும் கூட்டணியும் வந்துவிடும். அண்ணன் தம்பிகள் தயார். கதையின் முதல் வரி சொல்வதற்கு முன்பே நாவலின் மனநிலை உட்கார்ந்துவிடுகிறது. பாத்திரத்தின் டைரி எழுதி வந்தாலோ படம் வரைந்து வந்தாலோ கூடுதல் புள்ளி என்று ஒரு விதியும் வைத்திருந்தார்; வீட்டுப்பாடத்துக்கு மார்க்.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'ஐஸ் அண்ட் ஃபயர்' தொடருக்கு 2009-ல் கிரீன் ரோனின் என்ற கம்பெனி வெளியிட்ட ஆட்டம் வேறொரு கதவைத் திறந்தது. பாத்திரத்தை உருவாக்கும் முன் எல்லோரும் சேர்ந்து ஒரு குறுநிலக் குடும்பத்தை உருவாக்க வேண்டும். நிலம், மக்கள், செல்வம், செல்வாக்கு, படைபலம், பாதுகாப்பு, சட்டம் ஒழுங்கு என்று ஏழு எண்கள். பழைய காலத்தில் அந்தக் குடும்பத்துக்கு என்ன வந்தது, துரோகமா, வெற்றியா, பஞ்சமா என்று டைஸ் சொல்லும். அப்புறம்தான் தலைவர், மகள், காவல் வீரன், கணக்கர் என்று ஆளுக்கொரு பாத்திரம். நாவலின் பெரிய குடும்பங்கள் தூரத்தில் இடி மாதிரி உறுமிக்கொண்டிருக்கும். இவர்கள் கவலை தங்கள் சின்னக் கோட்டையைப் பற்றி. வாதத்தில் தோற்பதற்கும் சண்டையில் தோற்பது மாதிரியே விதிகள் உண்டு. பேச்சில் நிதானம் இழந்தால் எதிராளி சொல்வதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

சிகாகோவில் துப்பறியும் ஒரு மந்திரவாதியைப் பற்றிய நாவல் தொடரை வைத்து 2010-ல் வந்த 'டிரெஸ்டன் ஃபைல்ஸ்' ஆட்டம், நாவலின் சிகாகோவில்தான் நடக்க வேண்டும் என்று சொல்லவில்லை. உங்கள் ஊரையே உருவாக்குங்கள் என்று அதற்கு விதிகள் கொடுத்தது. வேலூர்க் கோட்டை அகழியையும் ஜலகண்டேஸ்வரர் கோயிலையும் காட்பாடி ஜங்ஷனையும் வைத்து ஒரு பேய்க்கதை ஊரை ஒரே மாலையில் கட்டிவிடலாம். ஆட்டத்திலிருந்து நாவலுக்கு என்று எதிர்த்திசைப் போக்குவரத்தும் உண்டு. 'டிராகன்லான்ஸ்' 1984-ல் ஆட்டமாக வந்து, அதே வருஷம் நாவலானது. ஜப்பானில் நண்பர்கள் ஆடிய ஆட்டத்தின் பதிவுகள் பத்திரிகையில் வந்து, 'லோடோஸ்' நாவல்களாக வளர்ந்தன. மலாசன் நாவல் தொடரின் உலகமும் அதன் இரண்டு எழுத்தாளர்களும் சேர்ந்து ஆடிய மேசையில் பிறந்ததுதான். பிராண்டன் சாண்டர்சனின் நாவல் உலகத்துக்கான ஆட்டத்துக்கு 2024-ல் வாசகர்கள் முன்பணமாகவே 1.5 கோடி டாலருக்கு மேல் கொடுத்தார்கள்.

பணம் இவ்வளவு புரளும் இடத்தில் உரிமைச் சண்டை இல்லாமல் இருக்குமா? ஆட்ட விதியின் யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது. அதை எழுதிய வாசகத்துக்கும், நாவலின் பாத்திரங்களுக்கும், கதைக்கும்தான் உண்டு. அதனால் தழுவல் ஆட்டம் எப்போதும் வாடகை வீட்டில்தான் இருக்கிறது. அயர்ன் கிரவுன் 1999-ல் டோல்கீன் உரிமையை இழந்தது, அடுத்த வருஷம் கம்பெனியே திவால். அந்த உரிமையிலும் ஒரு சுருக்கு உண்டு. டோல்கீன் 1969-ல் விற்றது 'ஹாபிட்', 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' இரண்டுக்கும் மட்டும்தான். 'சில்மரிலியன்' நூலில் மட்டும் வரும் பெயர்களை ஆட்டக் கம்பெனிகள் தொட முடியாது. அந்த உலகத்தின் பழைய புராணமே பூட்டிய அறையில் இருக்கிறது.

தமிழில் இந்தப் பூட்டு கிடையாது என்பதுதான் சுவாரசியம். பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. கல்கி 1954 டிசம்பரில் காலமானார். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த பிறகு 60 வருஷம் பதிப்புரிமை. அதற்கு முன்பே தமிழக அரசு அவர் நூல்களை நாட்டுடைமையாக்கிவிட்டது. யாரும் எடுத்து ஆட்டம் செய்யலாம், விற்கலாம். தொடரோடு வந்த ஓவியங்கள், சினிமாவில் வந்த முகங்கள், உடைகள் மட்டும் வேறு கணக்கு. அவற்றை அட்டையில் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும்.

சரி, எந்த வருஷத்தில் உட்காரவைப்பது? நாவல் நடப்பது சில மாதங்களுக்குள். அதற்குள் வந்தியத்தேவனாக ஆடினால் மேலே சொன்ன கர்ணன் சிக்கல்தான். ஆதித்த கரிகாலனைக் காப்பாற்ற ஆட்டக்காரர்கள் கடம்பூருக்கு ஓடுவார்கள், நடத்துபவர் தடுப்பார், மேசையில் சண்டை வரும். நான் தேர்ந்தெடுப்பது 949-க்குப் பிந்தைய காலம். தக்கோலத்தில் ராஜாதித்தன் விழுந்துவிட்டான். ராஷ்டிரகூடன் மூன்றாம் கிருஷ்ணனின் ஆட்சி தொண்டை மண்டலத்தின் மேல் படர்ந்துவிட்டது. 'கச்சியும் தஞ்சையும் கொண்ட' என்று அவன் பட்டம் போட்ட கல்வெட்டுகள் வட ஆற்காட்டிலேயே இருக்கின்றன. சோழர்கள் திரும்பிவந்து இந்த நிலத்தை மீட்க வருஷக்கணக்கில் ஆனது. அந்த இடைவெளியில் இங்கே இருந்த சின்னத் தலைவர்கள் என்ன செய்தார்கள்? யாருக்கு வரி கட்டினார்கள்? மகளை எந்தப் பக்கம் கொடுத்தார்கள்? நாவல் அதற்குள் நுழையவில்லை. டோல்கீன் உலகத்தின் 1640 மாதிரி நமக்கு வாய்த்த காலி வருஷங்கள் இவை, அதுவும் நம் வாசலிலேயே.

அங்கே ஒரு குறுநிலக் குடும்பத்தைக் கட்டலாம். பொன்னையாற்றங்கரையில் நாலு ஊர், ஒரு ஏரி, கொஞ்சம் குதிரை, பெரிய கடன். மேற்கே மலைச்சரிவில் சமண முனிவர்கள் இருக்கும் வள்ளிமலை. கிழக்கே காஞ்சிக்குப் போகும் பெருவழி. கிருஷ்ணனின் அதிகாரி ஒருவர் வந்து தங்கப்போகிறார். அதே ராத்திரி தெற்கேயிருந்து ரகசிய ஓலையோடு ஒருவன் வருகிறான். இவ்வளவு போதும், முதல் மாலை ஓடிவிடும்.

எந்த உணர்ச்சிக்கு எண்? வாள் சண்டைக்கு இல்லை. கல்கியின் நாவலில் உண்மையான எந்திரம் ரகசியம்தான். ஒட்டுக்கேட்பது, பாதி சொல்வது, ஓலை கைமாறுவது, வேஷம் போடுவது. அதனால் ரகசியத்தையே நாணயமாக வைக்க வேண்டும். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று மடித்த சீட்டில் இருக்கும். அதைச் சொன்னால் உடனடியாக ஒரு லாபம், வைத்திருந்தால் பின்னால் பெரிய லாபம், அடுத்தவர் கண்டுபிடித்தால் நஷ்டம். இரண்டாவது, விசுவாசம். இதற்கு ஆர்தர் மன்னர் கதைகளை வைத்து கிரெக் ஸ்டாஃபர்ட் 1985-ல் செய்த 'பென்டிராகன்' நல்ல முன்மாதிரி. அதில் கருணை–கொடூரம், அடக்கம்–கர்வம் என்று 13 ஜோடிக் குணங்கள், ஒவ்வொரு ஜோடியும் கூட்டினால் 20. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். தலைவனிடம் பற்று, குடும்பப் பற்று, காதல், பகை எல்லாவற்றுக்கும் எண் உண்டு. அந்த எண்ணே சில சமயம் பாத்திரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். ஒரு மாலைக்கு ஒரு வருஷம் ஓடும். ஆண்டு முடிவில் விளைச்சல், கல்யாணம், குழந்தை, மூப்பு. பாத்திரம் செத்தால் மகன் வருவான். 949-ல் தொடங்கும் குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை 985-ல் ராஜராஜன் பட்டமேறுவதைக் காணலாம். சோழனிடம் விசுவாசம் 15, வயிற்றுப்பாட்டுக்காக ராஷ்டிரகூடனிடம் 12, தம்பியிடம் 17 என்று இருப்பவன் என்ன செய்வான் என்பதுதான் ஆட்டம்.

டைஸுக்கு வெளிநாட்டு ஆர்டர் எதற்கு? வீட்டுப் பரணில் இருக்கும் பித்தளைத் தாயக்கட்டை போதும். இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் 1, 2, 3, ஒரு வெற்றுமுகம். உருட்டினால் 16 வகையில் விழும். 3 விழ 16-ல் நாலு வாய்ப்பு. 2-க்கும் 4-க்கும் மூன்று மூன்று. தாயத்துக்கும் 5-க்கும் இரண்டு இரண்டு. 6-க்கும், இரண்டும் வெறுமையாக விழும் 12-க்கும் ஒன்றே ஒன்று. நடுவில் கூர்மையாகக் குவிந்து ஓரத்தில் ஒடுங்கும் இந்த வளைவு, ஒற்றை இருபதுமுக டைஸில் கிடைக்காது. தாயம், 5, 6, 12 விழுந்தால் மறு உருட்டு என்ற பழைய வழக்கத்தையும் வைத்துக்கொள்ளலாம். 16-ல் ஆறு முறை அது நடக்கும். கொஞ்சம் அதிகம்தான். விசுவாசத்துக்கோ ரகசியத்துக்கோ சம்பந்தப்பட்ட முயற்சிகளில் மட்டும் மறு உருட்டு என்று சுருக்கினால் சரியாக வரும் என்று நினைக்கிறேன். தக்கோலத்து யானைக்குத் தனி விதி வேண்டும் என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். முதல் பதிப்பில் வேண்டாம். யானை வந்தால் ஆட்டக்காரர்கள் குடும்பக் கடனை மறந்துவிட்டு அதன்மேல் ஏறப் பார்ப்பார்கள்.